மதிப்பெண்ணைச் சொல்லுங்கள், போதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஆஸ்திரேலியாவில் பன்முகக் கலாச்சார அமைப்புகளுக்கு அரசு தரும் மானியம் ஆள் பழக்கம் உள்ளவர்களுக்குத்தான் கிடைக்கிறது என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய கோபம் புரிகிறது, எங்கள் முதியோர் குழுவுக்கும் போன வருடம் கை விரித்துவிட்டார்கள். ஆனால் காரணம் அது ஒன்றுதான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நாலைந்து வருடமாக எங்கள் குழுவுக்கு விண்ணப்பம் எழுதுவது நான்தான். பொதுவாக முதலில் தகுதியை மட்டும்தான் பார்ப்பார்கள்: பதிவு செய்த சங்கமா, ஏபிஎன் (அரசு தரும் வணிகப் பதிவு எண்) இருக்கிறதா, இன்சூரன்ஸ் இருக்கிறதா, முன்பு வாங்கிய பணத்துக்குக் கணக்கு ஒப்படைத்தாயிற்றா. இங்கே ஒன்று விடுபட்டால் மீதியைப் படிக்கவே மாட்டார்கள். அப்புறம் ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனி மதிப்பெண், தேவை என்ன, எப்படிச் செய்வீர்கள், செய்து முடிக்க ஆள் உண்டா, கேட்கும் தொகை நியாயமா என்று. மதிப்பெண் போடுகிறவர் நம் பொங்கல் விழாவுக்கு வந்தவர் இல்லை, காகிதத்தில் இருப்பதுதான் அவருக்குத் தெரியும். நாமோ தமிழ்ப் பண்பாட்டைக் காத்து வருகிறோம் என்று அரைப் பக்கம் எழுதிவிடுகிறோம். வாரம் எத்தனை பேர் வருகிறார்கள், அதில் கார் ஓட்டாதவர்கள் எத்தனை பேர், டாக்டரிடம் ஆங்கிலத்தில் பேச முடியாதவர்கள் எத்தனை பேர், இந்தக் கூட்டம் இல்லாவிட்டால் அவர்கள் அந்த நாளை யாரோடு கழிப்பார்கள் என்பதை எழுதுவதில்லை. எங்கள் முதல் விண்ணப்பத்தைச் சமீபத்தில் எடுத்துப் படித்தேன், எங்கள் பாட்டிமார் ஒருவருடைய முகம்கூட அதில் தெரியவில்லை.

போட்டி மானியத்தில் பாஸ் மார்க் வாங்கினாலும் போதாது. வரிசைப்படுத்தி, பணம் தீருகிற இடத்தில் கோடு போட்டுவிடுவார்கள். சம்பளத்துக்கு ஆள் வைத்து விண்ணப்பம் எழுதும் பெரிய அமைப்பும், ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு எழுதும் எங்களைப் போன்றவர்களும் ஒரே வரிசையில்தான் நிற்கிறோம். இதுதான் எனக்கு வலிக்கிறது.

சரி, அந்த வாசகரின் சந்தேகம் ஆதாரமில்லாததா? இல்லை. விளையாட்டு மன்றங்களுக்கான 10 கோடி டாலர் மானியத் திட்டத்தைப் பற்றி தேசியத் தணிக்கை அலுவலகம் 2020 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை எல்லாருக்கும் நினைவிருக்கும். அரசின் விளையாட்டு அமைப்பான ஸ்போர்ட் ஆஸ்திரேலியா மதிப்பெண் போட்டுப் பரிந்துரைத்தது, ஆனால் விளையாட்டுத் துறை அமைச்சர் அலுவலகம் தனியாக ஒரு கணக்குப் போட்டது. மூன்றாம் சுற்றில் அனுமதி பெற்றவற்றில் 73 சதவீதம் பரிந்துரைக்கப்படாதவை. அடுத்த மாதமே அந்த அமைச்சர் பதவி விலகினார். அது விளையாட்டுக்கான பணம், நம்முடையது இல்லை. ஆனாலும் முடிவு கடைசியில் அமைச்சர் கையில் இருக்கும் எந்த மானியத்திலும் அந்தக் கேள்வி வரத்தான் செய்யும்.

மத்திய அரசின் விதிகளில் இதற்குக் கடிவாளம் உண்டு. அமைச்சர் தன் முடிவுக்கான அடிப்படையை எழுத்தில் பதிய வேண்டும், அதிகாரிகள் வேண்டாம் என்றதை அனுமதித்தால் நிதி அமைச்சருக்குத் தெரிவிக்க வேண்டும், கொடுத்த மானியத்தை ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த 21 நாளுக்குள் மத்திய அரசின் மானியங்களைப் பட்டியலிடும் கிராண்ட்கனெக்ட் இணையதளத்தில் வெளியிட வேண்டும். நல்ல விதிகள்தான். ஆனால் அந்தப் பட்டியல் யாருக்குக் கிடைத்தது என்று சொல்லும், எங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று சொல்லாது. எங்களுக்கு வந்த கடிதத்தில் தரமான விண்ணப்பங்கள் நிறைய வந்தன என்று ஒரு வரி, வருந்துகிறோம் என்று இன்னொரு வரி, அவ்வளவுதான். எந்தக் கேள்வியில் குறைந்தோம், கோட்டுக்கு எவ்வளவு கீழே நின்றோம்? ஒன்றும் தெரியாது. அதனால் அடுத்த வருடமும் அதே தவறைச் செய்வோம், இல்லை என்றால் ஆள் தெரிந்தவருக்குத்தான் கொடுக்கிறார்கள் என்று நம்பிவிடுவோம்.

நிராகரிப்புக் கடிதத்திலேயே கேள்விவாரியாக மதிப்பெண்ணையும் கோடு விழுந்த இடத்தையும் எழுதட்டும். மதிப்பெண் ஏற்கெனவே போட்டாயிற்று, அதை அனுப்புவது பெரிய வேலை இல்லை. பல திட்டங்களில் கேட்டால் கருத்துச் சொல்வார்கள், நம் அமைப்புகள் பல கேட்பதே இல்லை. இந்தச் சுற்றில் தோற்ற எல்லாத் தமிழ் அமைப்புகளும் தயவுசெய்து எழுதிக் கேளுங்கள். நாங்கள் போன வாரம் கேட்டு எழுதியிருக்கிறோம். பதில் வந்தால் அப்படியே உங்களுக்கு அனுப்புகிறேன், எங்கள் மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பிரசுரியுங்கள்.

அன்புடன்,
முதியோர் குழு ஒன்றின் செயலாளர்,
ஆஸ்திரேலியா