கோனிகல் டேங்க்கை விட்டு கொஞ்சம் வெளிய வாங்க: இன்ஸ்ட்ருமென்டேஷன் பேராசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு இன்ஜினியரிங் காலேஜ்கள்ல இன்ஸ்ட்ருமென்டேஷன், கன்ட்ரோல் பக்கம் ஆராய்ச்சி பண்ற, பண்ண வைக்கிற சார், மேடம் எல்லாருக்கும் வணக்கமுங்க.

நான் டாக்டரேட் எல்லாம் கிடையாதுங்க. டிப்ளமோ முடிச்சிட்டு ஒரு பேப்பர் மில்லுல இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக்கா சேர்ந்தேன், இப்ப திருப்பூர், பெருந்துறை பக்கம் சாயப்பட்டறை சுத்திகரிப்பு நிலையம், பாய்லர்னு பைக்ல சுத்தி சர்வீஸ் பண்ணிட்டிருக்கேன், கூட்டிப் பார்த்தா 21 வருஷம் ஆச்சு. உங்களுக்கு லெட்டர் எழுதற தகுதி எனக்கு இருக்கான்னு கேட்டா தெரியலீங்க, ஆனா போன பொங்கலுக்கு நடந்த ஒரு விஷயம் மனசுல உறுத்திட்டே இருக்கு.

அண்ணன் பையன் எம்இ படிக்கிறான். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை ஆசையா கொண்டாந்து காட்டுனான். கோனிகல் டேங்க் லெவல் கன்ட்ரோல், அதாவது கூம்பு மாதிரி தொட்டியில தண்ணி மட்டத்தை சொன்ன அளவுல நிறுத்தறது. பிஐடி கன்ட்ரோலரை (ரீடிங் இலக்குல இருந்து எவ்வளவு விலகியிருக்குன்னு பார்த்து வால்வைத் திருப்பறது) பறவைக் கூட்டம் இரை தேடற மாதிரி ஒரு அல்காரிதம் வச்சு ட்யூன் பண்ணி (அதுக்குள்ள போடற எண்களை செட் பண்ணி), ஸீக்லர் நிக்கல்ஸ்ங்கற பழைய ட்யூனிங் ஃபார்முலாவோட கம்பேர் பண்ணி, ஐஎஸ்இ, ஐஏஇன்னு பிழையைக் கூட்டிப் பாக்கற கணக்கெல்லாம் டேபிள் போட்டு, நம்ம முறையில ஓவர்ஷூட் (இலக்கைத் தாண்டி எகிறறது) கொஞ்சம்தான், அவங்களுதுல பாதிக்கு மேலன்னு முடிச்சிருந்தான். அழகான கிராஃப். மட்டத்தை அளந்து சொல்ற சென்சாரைப் பத்தி நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், "லெவல் ட்ரான்ஸ்மிட்டர் என்ன டைப்டா போட்டீங்க?"

"சித்தப்பா, அது சிமுலேஷன். ட்ரான்ஸ்மிட்டர் எல்லாம் கிடையாது, ஃபீட்பேக் கெயின் ஒண்ணு."

கெயின் ஒண்ணு! அதாவது டேங்க்ல என்ன இருக்கோ அதை சென்சார் அப்படியே, அந்த நொடியே, பொய் இல்லாம சொல்லும். வால்வு சொன்ன இடத்துல போய் நிக்கும். இப்படி ஒரு ப்ளான்ட் எங்கயாவது இருந்தா சொல்லுங்க, சம்பளமே வேண்டாம், நான் அங்க வேலைக்குப் போயிடறேன்.

கோனிகல் டேங்க்கை நான் குறை சொல்லலீங்க. உயரம் ஏற ஏற பரப்பு மாறும், அதனால கெயின் (இவ்வளவு தண்ணி விட்டா மட்டம் எவ்வளவு மாறும்ங்கற விகிதம்) மாறும், நான்லீனியர்னா என்னன்னு பிள்ளைங்களுக்கு புரிய வைக்க அதைவிட நல்ல சாமான் இல்ல. ஆனா லேப்ல படிக்க வச்ச அதே டேங்க்கை வச்சே வருஷா வருஷம் புதுப்புது அல்காரிதம் பேர்ல பேப்பர், ஒரு வருஷம் எறும்பு, ஒரு வருஷம் வௌவால், ஒரு வருஷம் ஓநாய். மிருகக்காட்சி சாலையே முடிஞ்சு போச்சு, டேங்க் மட்டும் அப்படியே இருக்கு.

இன்னொண்ணு, ஸீக்லர் நிக்கல்ஸை தோக்கடிக்கறது ஒரு வீரமாங்க? 1942-ல அமெரிக்காவுல டெய்லர் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனிக்காரங்க ரெண்டு பேர் போட்ட ஃபார்முலா. ஒவ்வொரு அலையும் முன்னாடி அலையில கால்வாசியா குறையணும்ங்கறது அவங்க எடுத்துக்கிட்ட அளவு, லோடு மாறும்போது சீக்கிரம் சமாளிக்கணும்ங்கறதுதான் நோக்கம். அதுக்கு செட்பாயின்ட் ஸ்டெப் குடுத்தா (இலக்கு அளவைத் திடீர்னு மாத்துனா) ஓவர்ஷூட் எகிறத்தான் செய்யும். அது கண்டுபிடிப்பு இல்லீங்க, அந்த ஃபார்முலாவோட சுபாவமே அதுதான். லேம்டா ட்யூனிங் (ஆடாம நிதானமா இலக்குக்குக் கொண்டு போறது) மாதிரி மில்லுல நாங்க டெய்லி போடற முறையோட மோத விட்டுப் பாருங்க, அப்ப எத்தனை ஓநாய் மிஞ்சும்னு பாக்கலாம்.

2002 வாக்குல கன்ட்ரோல் கருவி செய்யற ஹனிவெல் கம்பெனிக்காரங்க ஒரு கணக்கு வெளியிட்டாங்க. ரிஃபைனரி, கெமிக்கல், பேப்பர் மில்லுன்னு 11,000-க்கு மேல கன்ட்ரோலரைப் பார்த்ததுல 97 சதவீதம் பிஐடிதான். அதுல மூணுல ஒரு பங்குக்கு மேல ஆட்டோவுலயே இல்ல, ஆபரேட்டர் மேனுவல்ல போட்டு வச்சிருக்கார். ஏன் மேனுவல்ல போட்டார்னு அவர்கிட்ட போய் கேட்டா அல்காரிதம் சரியில்லன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. "அந்த ரீடிங்கை நம்ப முடியாதுங்க", இல்லேன்னா "அந்த வால்வு சண்டித்தனம் பண்ணுதுங்க". இந்த ரெண்டுல ஒண்ணுதான் வரும்.

சண்டித்தனம் பண்ற வால்வு ஒண்ணோட கதையைச் சொல்றேன். நான் வேலை பார்த்த மில்லுல மெஷினுக்குப் போற பல்ப் (காகிதக் கூழ்) ஃப்ளோ ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை மேல கீழ ஆடிட்டே இருந்துச்சு, அது ஆடுனா பேப்பர் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டரோட எடை) ஆடும், ஜிஎஸ்எம் ஆடுனா ரீல் ரிஜெக்ட். மூணு ஷிஃப்ட்டும் ஆளாளுக்கு ட்யூனிங்ல கை வச்சாங்க. ஒருத்தர் கெயினை பாதியாக்குனார், அடுத்தவர் இன்டெக்ரல் டைமை கூட்டுனார், ஆட்டம் மெதுவாச்சே தவிர நிக்கல. ஒரு நைட் ஷிஃப்ட்ல ட்ரெண்டை பெருசு பண்ணிப் பார்த்தேன், கன்ட்ரோலர் அவுட்புட் ரம்பப் பல்லு மாதிரி ஏறி ஏறி இறங்குது, ஃப்ளோ மட்டும் படிக்கட்டு மாதிரி சதுரமா குதிக்குது. லூப்பை மேனுவல்ல போட்டேன், ஆட்டம் டக்குனு நின்னுடுச்சு. அப்புறம் அரை அரை சதவீதமா அவுட்புட்டை ஏத்துனேன், ஹெல்பரை வால்வு ஸ்டெம் (தண்டு) கிட்ட டார்ச் அடிச்சு உக்கார வச்சிருந்தேன். "அசையலண்ணே... அசையலண்ணே... அசையலண்ணே..." நாலு சதவீதம் போனதும் "ஐயோ குதிச்சிடுச்சுண்ணே!" அவ்வளவுதான். ரெண்டு வாரம் முன்னாடி அந்தத் தண்டு வெளிய வர்ற கிளாண்ட்ல ஒழுகுதுன்னு ஃபிட்டர் பேக்கிங்கை மூச்சு முட்ட இறுக்கியிருக்கார். பேக்கிங்கை மாத்துனோம், சில நூறு ரூபா சமாச்சாரம். அதுக்கு மூணு நாளா மூணு ஷிஃப்ட்டும் கன்ட்ரோலரைப் போட்டு பாடாய்ப் படுத்துனோம்.

இப்படி ஒட்டிக்கிட்டு அப்புறம் குதிக்கறதுக்கு ஸ்டிக்‌ஷன்னு பேர், இதை ட்ரெண்டு டேட்டாவை வச்சே கண்டுபிடிக்க வெளிநாட்டு யுனிவர்சிட்டிகள்ல நிறைய வேலை நடந்திருக்குன்னு பின்னாடி தெரிஞ்சுக்கிட்டேன். அந்த மாதிரி ஆராய்ச்சின்னா கையெடுத்துக் கும்புடலாமுங்க. அந்த ராத்திரி எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

இப்ப சென்சார் பக்கம் வாங்க. பிஎச் நியூட்ரலைசேஷன் (தண்ணியோட அமிலம், காரத்தை ஏழுக்குக் கொண்டு வர்றது) உங்களுக்குப் பிடிச்ச இன்னொரு சப்ஜெக்ட், ஏழு பக்கத்துல கர்வ் செங்குத்தா இருக்கும், ஒரு சொட்டு ஆசிட் கூடப் போனாலும் தூக்கி அடிச்சிடும், கஷ்டமான கன்ட்ரோல்தான், ஒத்துக்கறேன். ஆனா சாயத்தண்ணி சுத்திகரிப்பு நிலையத்துல சுண்ணாம்பு போடற தொட்டியில என்ன நடக்குதுன்னு பார்த்திருக்கீங்களா? பிஎச் அளக்கற ப்ரோபை வெளிய எடுத்தா கண்ணாடி பல்பு மேல வெள்ளையா நகம் கனத்துக்கு சுண்ணாம்பு படிஞ்சிருக்கும். அதை டைல்யூட் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல விட்டா புஸ்ஸுன்னு நுரைச்சுக்கிட்டு கரையும். கழுவி பஃபர்ல (பிஎச் இவ்வளவுன்னு தெரிஞ்ச கரைசல்) வச்சா சில நொடியில ரீடிங் உக்காரும், அதே ப்ரோபு கழுவறதுக்கு முன்னாடி மூணு நாலு நிமிஷம் எடுத்துக்கிச்சு. இந்த மூணு நாலு நிமிஷம் உங்க மாடல்ல எங்க சார் இருக்கு? தண்ணி ஏற்கனவே சரியாயிடுச்சு, ப்ரோபு இன்னும் பழசையே சொல்லிட்டிருக்கு, கன்ட்ரோலர் ஆசிட்டைக் கொட்டிக்கிட்டே இருக்கு. 25 டிகிரியில ஒரு பிஎச்சுக்கு 59 மில்லிவோல்ட் வரணும்னு புத்தகத்துல இருக்கு, வயசான ப்ரோபு 50 கூடக் குடுக்காது, ஆபரேட்டருக்கு அதைப்பத்தி என்ன கவலை, ஸ்கிரீன்ல நம்பர் வந்தாப் போதும்.

நான் கேக்கறது பெரிய விஷயம் இல்லீங்க. டோசிங் பம்ப் ஒவ்வொரு தடவை ஓடும்போதும் ரீடிங் எவ்வளவு வேகமா அசையுதுன்னு பார்த்தே ப்ரோபுல எவ்வளவு படிஞ்சிருக்குன்னு சொல்ல முடியுமா? இன்னிக்கு கழுவு, நாளைக்கு வேண்டாம்னு ஒரு மெசேஜ். இப்ப நாங்க வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை கழுவறோம், அது கோயிலுக்கு விளக்கு போடற மாதிரி, தேவை இருக்கோ இல்லையோ.

சென்சார் பொய் சொன்னா கன்ட்ரோல் ரூம்ல உக்காந்திருக்கவனுக்கு என்ன கதின்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. 2005 மார்ச் 23, அமெரிக்காவுல டெக்சஸ் சிட்டி ரிஃபைனரி. 170 அடி டவர், அதுல அடியில 9 அடிக்குள்ள மட்டும் படிக்கிற ஒரு டிஸ்ப்ளேசர் லெவல் ட்ரான்ஸ்மிட்டர் (முங்கற கட்டையோட எடை எவ்வளவு குறையுதுன்னு பார்த்து மட்டம் சொல்றது). ஸ்டார்ட்டப்ல திரவம் அதைத் தாண்டி ஏறிக்கிட்டே போகுது, டிஸ்ப்ளேசர் முழுசா முங்கிப் போச்சு, முங்குன பிறகு அது பாக்கறது லெவலை இல்ல, திரவத்தோட அடர்த்தியை. சூடாக சூடாக அடர்த்தி குறைஞ்சது, ட்ரான்ஸ்மிட்டர் லெவல் இறங்குதுன்னு சொல்லிச்சு. காலிப்ரேஷனும் அந்தத் திரவத்தோட சரியான அடர்த்திக்கு இல்ல. ஸ்கிரீன்ல 7.9 அடி, டவருக்குள்ள 158 அடி. தனியா இருந்த ஹை லெவல் அலாரமும் அடிக்கல. திரவம் நிரம்பி வழிஞ்சு வெடிச்சு 15 பேர் செத்துட்டாங்க, 180 பேருக்கு காயம். சென்சார் கெட்டுப்போய் ரீடிங் காணாமப் போயிருந்தாக்கூட யாராவது எந்திரிச்சுப் போய்ப் பார்த்திருப்பாங்க. நம்பற மாதிரி ஒரு நம்பர், அதுவும் மெதுவா இறங்கற நம்பர், அதுதான் ஆளைக் கொன்னுச்சு.

அதே வருஷம் டிசம்பர் 11, இங்கிலாந்துல பன்ஸ்ஃபீல்ட் பெட்ரோல் டிப்போ. டேங்க் நிரம்பிக்கிட்டே இருக்கு, கேஜ் ஒரே இடத்துல ஒட்டிக்கிச்சு. அது முதல் தடவை இல்லீங்க, அதுக்கு முந்தின மூணு மாசத்துக்கு மேல 14 தடவை அதே மாதிரி ஒட்டியிருக்கு, தட்டிக்குட்டி சரி பண்ணிட்டு விட்டிருக்காங்க (நாங்களும் அப்படித்தான் பண்ணுவோம், பெருமைக்குச் சொல்லல). கடைசிக் காவலுக்கு இருந்த ஹை லெவல் ஸ்விட்சுல டெஸ்ட் பண்ண ஒரு லீவர் உண்டு, அதை வேலை செய்யற பொசிஷன்ல நிறுத்த ஒரு பூட்டு போடணும். அந்தப் பூட்டு எதுக்குன்னு அங்க யாருக்கும் சரியாப் புரியல, போடல. பூட்டு இல்லாததால ஸ்விட்ச் வேலை செய்யல, பெட்ரோல் வழிஞ்சு பத்திக்கிச்சு. ஞாயித்துக்கிழமை விடியக்காலையா இருந்ததால உயிர்ச்சேதம் இல்ல, 43 பேருக்கு காயம்.

பம்ப் ஓடுது, டேங்க்குக்கு உள்ள போகுது, லெவல் மட்டும் அசையல. இது சந்தேகத்துக்குரியதுன்னு சொல்ல ஓநாய் அல்காரிதம் வேணுமாங்க? ஒரு கழித்தல் கணக்கு போதும். ஆனா நம்மூர்ல சின்ன ப்ளான்ட் எத்தனைல அந்தக் கழித்தல் கணக்கு ஓடுதுன்னு போய்ப் பாருங்க. இதை ஆராய்ச்சின்னு எழுதுனா ஜர்னல்ல போட மாட்டாங்கன்னு அண்ணன் பையன் சொல்றான், "நாவல்ட்டி இல்லன்னு ரிஜெக்ட் பண்ணிடுவாங்க சித்தப்பா". அது உங்க பக்கத்து கஷ்டம், எனக்கும் புரியுது. ப்ரொமோஷனுக்கு பேப்பர் எண்ணிக்கைதான் பாக்கறாங்கன்னா நீங்கதான் என்ன பண்ணுவீங்க.

சின்ன விஷயம் ஒண்ணு சொல்லிடறேன், மறந்துடுவேன். ஆர்டிடி (வெப்பநிலை சென்சார்) கேபிள்ல மூணாவது வயர், அதாவது வயரோட ரெசிஸ்டன்ஸைக் கழிக்கறதுக்கு இருக்கறது, அறுந்து போச்சுன்னா நம்மாளு ரீடிங் எடுக்கற கார்டுகிட்ட ஒரு ஜம்பரைப் போட்டுட்டுப் போயிடுவான். 100 மீட்டர் தூரம், 1.5 ஸ்கொயர் எம்எம் காப்பர்னா போக வர சுமார் 2.4 ஓம், பிடி100-ங்கற ஆர்டிடிக்கு டிகிரிக்கு 0.385 ஓம், ஆக ரீடிங் 6 டிகிரி கூடக் காட்டும். எரரும் வராது, அலாரமும் வராது. வருஷா வருஷம் அந்த சென்சாரைக் கழட்டி லேப்ல குடுத்து காலிப்ரேஷன் ஸ்டிக்கர் ஒட்டுவாங்க, சென்சார் சுத்தம், தப்பு வயர்ல. இப்படி மாட்டின இடத்துல வர்ற தப்பைக் கண்டுபிடிக்கற வழி யாராவது தேடுனா பாலக்காட்டுப் பக்கம் ஃப்ளூயிட் கன்ட்ரோல் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட் இருக்கு, கோயமுத்தூர்ல இருந்து கூப்பிடு தூரம்தான், ஃப்ளோ மீட்டரை உண்மையான தண்ணி ஓட விட்டு சோதிக்கற இடம், பிள்ளைங்களை ஒரு நாளாவது அங்க கூட்டிட்டுப் போங்க.

பழைய ஆளுங்க எப்படிப் பண்ணாங்கன்னு உங்களுக்குத் தெரியாததில்ல. 1922-ல மினோர்ஸ்கிங்கற இன்ஜினியர் கப்பல் திருப்பறதுக்கு கணக்கு எழுதும்போது சுக்கான் பிடிக்கிறவன் என்ன பண்றான்னுதான் கவனிச்சார். இப்ப எவ்வளவு விலகியிருக்குன்னு மட்டும் அவன் பாக்கல, எவ்வளவு நேரமா விலகியிருக்கு, எந்த வேகத்துல திரும்புதுன்னும் பார்த்தான், அதுதான் இன்னிக்கு நாம சொல்ற பிஐடி. 1984-ல ஸ்வீடன்ல ஆஸ்ட்ரோம், ஹெக்லண்டுன்னு ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க ரிலே ஆட்டோட்யூன் கொண்டு வந்தாங்க, கன்ட்ரோலர்ல ஒரு பட்டனை அமுக்குனா அதுவே ட்யூன் ஆகும், அதை நானே எத்தனையோ ராத்திரி அமுக்கியிருக்கேன். அப்படி எங்க கையில வந்து சேர்ற ஒண்ணு நம்மூர்ல இருந்து வரணும்னு ஆசைதாங்க, வேற கோவம் ஒண்ணும் இல்ல.

கம்பெனிக்காரங்க டேட்டா குடுக்க மாட்டாங்கன்னு நீங்க சொல்வீங்க. உண்மைதான், பெரிய இடத்துல செக்யூரிட்டியே உள்ள விட மாட்டான், நான் இருந்த மில்லுக்கு ஒரு காலேஜ் பையன் மூணு தடவை லெட்டரோட வந்து திரும்பிப் போனதைப் பார்த்திருக்கேன், கடைசியில அவனும் சிமுலேஷனே போதும்னு முடிச்சிட்டான். ஆனா சின்ன ப்ளான்ட் ஓனருங்க அப்படி இல்ல, ஆசிட் செலவு குறையும்னு சொன்னா டீ வாங்கிக் குடுத்து உக்கார வைப்பாங்க. எனக்குத் தெரிஞ்ச ரெண்டு பேர்கிட்ட பேசிட்டேன், ட்ரெண்டு டேட்டா பென் டிரைவ்ல தர்றேன்னு சொல்லிட்டாங்க, கம்பெனி பேர் போடக்கூடாது, அவ்வளவுதான் கண்டிஷன்.

வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்கு ப்ரோபு கழுவுவேன். கழுவறதுக்கு முன்னாடி ஒரு ரெக்கார்டு, கழுவுன பிறகு ஒரு ரெக்கார்டு எடுத்துக்கலாம், உங்க ஸ்டூடன்ட் ரெண்டு பேரை அனுப்புங்க, நீங்களும் வந்தா இன்னும் சந்தோஷம். ஹெல்மெட், கிளவுஸ் நான் தர்றேன். ஷூ மட்டும் போட்டுட்டு வரச் சொல்லுங்க, செருப்போட வந்தா கேட்லயே நிறுத்திடுவாங்க.