கறளை மூடும் கறுப்புப் பூச்சு

ஆசிரியருக்கு,

மாரிக்கு முன் காரின் கதவடிப் பனலிலும் சில்லு வளைவிலும் சொரசொரப்பான கல்தெறிப்புப் பூச்சு அடிப்பிக்க நினைப்பவர்கள் கவனத்திற் கொள்ள வேண்டிய சில விடயங்கள் உண்டு. நிலாவெளி, புல்மோட்டைப் பக்கம் ஓடும் வாகனத்துக்கு அது தேவைதான். முன்சில்லு எறியும் கல் பெயின்றைக் கொத்திய இடத்தில் உப்புக்காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் இந்தப் பூச்சு கல்லைத்தான் தாங்கும், இருக்கிற கறளை நிறுத்தாது. கறளின் மேலேயே அடித்தால் ஈரமும் உப்பும் உள்ளே அடைபட்டுவிடும். வெளியே கறுப்பு மினுமினுக்க, உள்ளே தகரம் உதிரும்.

முதலில் டப்பாவில் எழுதியிருப்பதை வாசியுங்கள். தார் கலந்த அண்டர்சீல் வேறு, மேலே நிறம் அடிக்கக்கூடிய ரப்பர், ரெசின் வகை ஸ்டோன்சிப், அதாவது நாம் பேசும் கல்தெறிப்புப் பூச்சு, வேறு. தார் வகை வாகனத்தின் அடித்தளத்துக்கு உரியது. அதன் மேல் பெயின்ற் அடித்தால் பழுப்புக் கறை மேலே ஊறி வரும், வெயிலில் இளகவும் செய்யும். விலை குறைவு என்பதற்காக அதைக் கதவடியில் அடிப்பது பிழை.

வேலையின் பெரும்பகுதி கழுவலிலும் தேய்ப்பிலும்தான் இருக்கிறது. நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். கடற்கரைக் கிணறு உவர்ப்பென்றால் குழாய்நீர்தான். காய்ந்தபின் கிரீஸ் அகற்றும் திரவத்தால் துடைக்க வேண்டும். மண்ணெண்ணெய் வேண்டாம், அது எண்ணெய்ப்படலம் விட்டுப்போகும். கறள் உள்ள இடத்தை 80 இலக்க சாண்ட் பேப்பரால் வெள்ளைத் தகரம் தெரியும்வரை தேய்த்து, அன்றைக்கே எபொக்சி பிரைமர் என்ற அடிப்பூச்சை அடிக்க வேண்டும். இங்கே தேய்த்த தகரத்தை இரவு முழுக்கத் திறந்து விட்டால் விடிய மறுபடி செம்மை படர்ந்திருக்கும். நல்ல பெயின்ற் உள்ள இடத்தை 320 தாளால் மினுக்கம் போகத் தேய்த்தால் போதும். மினுக்கத்தின் மேல் அடித்த பூச்சு பிறகு தோல் உரிவதுபோல் ஒரே துண்டாகக் கழன்று வரும். தகரப் பொருத்துகளில் இடைவெளியை அடைக்கும் சீம் சீலர் போடுவதும் பூச்சுக்கு முன்னரே.

அதிகம் மறக்கப்படுவது கதவடிப் பனலின் கீழும் கதவுகளின் அடியிலும் உள்ள நீர் வடியும் துளைகள். அவற்றை மாஸ்கிங் டேப் சுருட்டி அடைத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும், முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். துளை மூடிப்போனால் மழைநீர் உள்ளே தேங்கி, பனல் உள்ளிருந்து ஓட்டையாகும். பிரேக் டிஸ்க், சைலன்சர், ஜக் வைக்கும் இடம் ஆகியவற்றையும் மூட வேண்டும்.

பூச்சு அடிக்கும் துப்பாக்கிக்கு 3 முதல் 4 பார் காற்றழுத்தம், 25 சென்ரிமீற்றர் அளவு தூரம். அழுத்தம் குறைந்தால் சொரசொரப்பின் மணி பெரிதாகும், கூடினால் சிறுக்கும். கம்பனிப் பூச்சின் மணியோடு ஒத்துவரும்வரை அட்டையில் அடித்துப் பாருங்கள். கம்பரசர் தாங்கியில் சேர்ந்த தண்ணீரை முன்கூட்டியே வடித்துவிட வேண்டும், எங்கள் காற்றில் அது விரைவில் சேரும். ஈரத்தில் அரை மில்லிமீற்றர் தடிப்புக்கு ஒரு லீற்றர் 2 சதுர மீற்றருக்கு வரும். சிறிய காரின் இரு கதவடிகளுக்கும் அது தாராளம். மெல்லிய இரண்டு படையாக, இடையில் 20 நிமிடமாவது விட்டு அடிக்க வேண்டும். ஒரே தடவையில் அப்பினால் மேல்தோல் காய்ந்து உள்ளே திரவம் நிற்கும், பிறகு நிறம் அடிக்கும்போது கொப்புளம் போடும். டேப்பைப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே உரியுங்கள், காய்ந்தால் விளிம்பு கிழியும். நிறமும் அதன் மேல் அடிக்கும் நிறமற்ற கிளியர் பூச்சும் டப்பாவில் சொன்ன நேரம் கழித்தே.

வடகீழ்ப் பருவமழை வந்தபின் இந்த வேலைக்கு வாகனம் விடுவது வீண். ஆடி, ஆவணி வெயிலே நல்லது, தகரம் தொடமுடியாத சூட்டில் இருக்கும் நண்பகலைத் தவிர்த்து.

கராஜ்காரரிடம் ஒரு வேண்டுகோள்: பற்றுச்சீட்டில் ‘அண்டர்சீல்’ என்று மொட்டையாக எழுதாமல் பூச்சின் பெயர், தார் வகையா ரெசின் வகையா, கீழே எந்த பிரைமர் என்பதைக் குறித்துக் கொடுங்கள். அடுத்த முறை அந்தப் பனலைத் தேய்ப்பவருக்கு அது தேவைப்படும்.

வாகன உடல்வேலை செய்பவர்கள்,
உப்புவெளி, திருகோணமலை.