கார்டைக் கழற்றியது யார்? பட்டறை முதலாளிகளுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முதலாளிகளே, மேற்பார்வையாளர்களே,

வணக்கம்.

இரும்பை வெட்டவும் தேய்க்கவும் கையில் பிடித்து ஓட்டும் ஆங்கிள் கிரைண்டரில், சுழலும் டிஸ்க் உடைந்து ஒருவருக்கு அடிபட்டால் உடனே எழுதத் தோன்றும் காரணம் "தொழிலாளியின் கவனக்குறைவு". எழுதி முடித்ததும் விஷயமும் முடிந்துவிடும். ஆனால் மெஷினில் டிஸ்க்கை மூடிக் காக்கும் கார்டு ஏன் இல்லை, அந்த டிஸ்க் அந்த மெஷினுக்கு எப்படி வந்தது, நட்டை இறுக்கும் ஸ்பேனர் எங்கே போனது என்று விசாரித்துப் பாருங்கள். பதில் தேடிப் போனால் ஸ்டோர் ரூமுக்கும், பொருள் வாங்கும் பட்டியலுக்கும், கடைசியில் உங்கள் மேசைக்கும்தான் வந்து நிற்க வேண்டியிருக்கும். அதனால்தான் இதை வேலையாட்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். நான் ஃபிட்டர், கிரைண்டர் பிடித்துப் பிழைப்பவன்.

சோம்பேறித்தனத்தால் யாரும் கார்டைக் கழற்றுவதில்லை. நாலு இஞ்ச் மெஷினைக் கையில் கொடுத்து, அந்த டிஸ்க்கால் எட்டாத ஆழத்துக்கு வெட்டச் சொல்கிறீர்கள். ஸ்டோரில் அஞ்சு இஞ்ச் டிஸ்க் இருக்கிறது, அஞ்சு இஞ்ச் மெஷின் இல்லை. கார்டு இருந்தால் அந்த டிஸ்க் உள்ளே நுழையாது, ஆகவே கார்டு கழன்றுவிடுகிறது. அதோடு நிற்பதும் இல்லை. நாலு இஞ்ச், அதாவது 100 மி.மீ. டிஸ்க்கின் நடுத்துளை 16 மி.மீ.; அஞ்சு இஞ்ச், அதாவது 125 மி.மீ. டிஸ்க்கின் நடுத்துளை 22.23 மி.மீ. நடுவில் ஆறு மி.மீ. இடைவெளியை ஏதோ ஒரு வாஷரை வைத்து ஒப்பேற்றுகிறார்கள். டிஸ்க் மையம் விலகி உட்காருகிறது, ஓடவிட்டதும் கை முழுக்க அதிர்கிறது. அதிர்வோடு வெட்டினால் கண்ணாடி இழை வலை பின்னிய டிஸ்க்கும் விட்டுப்போகும்.

இதைவிட மோசமானது, எந்த வாஷரும் இல்லாமல் கச்சிதமாகப் பொருந்திவிடும் டிஸ்க். 115 மி.மீ. முதல் 230 மி.மீ. வரை பெரும்பாலான டிஸ்க்குகளுக்கு நடுத்துளை ஒரே அளவுதான். ஒன்பது இஞ்ச் மெஷினில் ஓட வேண்டிய 230 மி.மீ. டிஸ்க், கார்டை எடுத்துவிட்டால் அஞ்சு இஞ்ச் மெஷினிலும் உட்கார்ந்துவிடும். இப்போது கணக்கைப் பாருங்கள். இந்த டிஸ்க்குகளின் விளிம்பு பொதுவாக நொடிக்கு 80 மீட்டர் வேகம் வரை தாங்கும். மணிக்கு 288 கிலோமீட்டர். 125 மி.மீ. டிஸ்க்குக்கு அந்த வேகம் நிமிடத்துக்கு 12,250 சுற்றில் வரும். 230 மி.மீ. டிஸ்க்குக்கு 6,650 சுற்றிலேயே வந்துவிடும். அஞ்சு இஞ்ச் மெஷின் ஓடுவதோ பொதுவாக 11,000 சுற்று. பெரிய டிஸ்க்கை அதில் மாட்டினால் விளிம்பு வேகம் நொடிக்கு 132 மீட்டரைத் தொடும். டிஸ்க்கைப் பிய்க்கும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், தாங்க வேண்டியதைப்போல் ஏறக்குறைய 2.7 மடங்கு விசை அதன் மேல் விழுகிறது. கார்டும் இல்லாத அந்த நேரத்தில் துண்டு எங்கே போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தேய்ந்து சிறுத்துப்போன பெரிய டிஸ்க்கை "இன்னும் ஓடுமே" என்று சின்ன மெஷினுக்கு மாற்றுவதும் இதே வகைதான். அது அந்த வேகத்துக்காகச் செய்த டிஸ்க் அல்ல. மெஷின் தகட்டில் உள்ள சுற்று எண்ணைவிட டிஸ்க்கில் அச்சிட்ட எண் குறைவாக இருந்தால் அந்த டிஸ்க் ஸ்டோரைவிட்டே வெளியே வரக்கூடாது. இதைச் சரிபார்க்கப் படிப்பு வேண்டாம், வெளிச்சம் இருந்தால் போதும்.

டிஸ்க் மாட்டுவதில் அதிகம் தவறுவது நட்டில்தான். பெரும்பாலான மெஷின்களில் மேல் நட்டின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், மறுபக்கம் நடுவில் வளையம்போல் மேடாக இருக்கும். தடித்த கிரைண்டிங் டிஸ்க் என்றால் மேட்டுப் பக்கம் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். ஒரு மி.மீ., இரண்டு மி.மீ. கட்டிங் டிஸ்க் என்றால் தட்டைப் பக்கம் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் மேடு போய், டிஸ்க்குக்கு அடியில் தாங்கும் வட்டத் தகடான கீழ் பிளாஞ்சில் முட்டி நின்றுவிடும். நட் இறுகியதுபோலத் தெரியும், டிஸ்க் மட்டும் நடுவில் வழுக்கிக்கொண்டிருக்கும். புதிதாக வரும் ஹெல்பருக்கு இதை யாராவது காட்டிக்கொடுத்தார்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார், பக்கத்தில் இருப்பவரும் அப்படியே கற்றவர்.

மற்ற வரிசை சுருக்கமானது. முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும்; சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கீழ் பிளாஞ்ச், டிஸ்க்கைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலின் வெட்டுப் பக்கங்களில் சரியாக உட்கார வேண்டும், அதில் ஒட்டியிருக்கும் தூளைத் துடைக்க வேண்டும். நடு பள்ளமான டிஸ்க் என்றால், நட் அந்தப் பள்ளத்துக்குள் அடங்க வேண்டும். டிஸ்க்கில் விரிசல், விளிம்புச் சிதைவு, ஈரம் பட்ட தடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கீழே விழுந்த டிஸ்க்கை எடுத்து மாட்டக்கூடாது. பெஞ்ச் கிரைண்டர் கல்லைத் தட்டி ஓசை கேட்பதுபோல இதைத் தட்டிப் பார்ப்பவர்கள் உண்டு, அதனால் பயனில்லை. ரெசின் என்னும் பிசினால் கட்டிய டிஸ்க் நல்ல நிலையில் இருந்தாலும் கணீரென்று ஒலிக்காது. நடுவிலுள்ள உலோக வளையத்தில் மாதமும் ஆண்டும் பொறித்திருந்தால் அது காலாவதித் தேதி. தயாரித்த நாளிலிருந்து மூன்று ஆண்டு என்பது வழக்கம். மொத்தமாக வாங்கினால் மலிவு என்று குவித்து, ஈரத் தரையில் அட்டைப்பெட்டியோடு போட்டுவைத்தால் ரெசின் பலம் இழக்கும். அது முழுக்க உங்கள் கணக்கில் வருவது.

ஸ்பேனர் தொலைந்தால் உளியும் சுத்தியலும் வந்துவிடும். நட்டைச் சுத்தியலால் அடித்து இறுக்கத் தேவையே இல்லை, ஓடும்போது அது தானாகவே இறுகும் திசையில்தான் மரை வெட்டியிருக்கிறது. அடித்து இறுக்கினால் டிஸ்க்கின் நடுப்பகுதி விரிசல் விடும், அடுத்த முறை கழற்றுவதற்கு இன்னும் பலமாக அடிப்பார்கள். இரண்டு முள் வைத்த அந்தச் சின்ன ஸ்பேனரைச் சங்கிலி போட்டு மெஷினின் பிளக் பக்கத்து வயரில் கட்டிவிடுங்கள். ஸ்பேனரை எடுக்கிறவர் பிளக்கையும் பிடுங்கியிருப்பார்.

மாட்டியதும் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டு, ஆட்கள் இல்லாத பக்கம் திருப்பி, அரை நிமிடமாவது சும்மா ஓடவிட வேண்டும். அந்த அரை நிமிடத்தை "சும்மா நிற்கிறான்" என்று பார்க்காதீர்கள்.

கட்டிங் டிஸ்க்கின் பக்கவாட்டில் பிசிறு தேய்ப்பதை எல்லாப் பட்டறையிலும் பார்த்திருப்பீர்கள். மெல்லிய டிஸ்க் விளிம்பால் வெட்டத்தான். பக்கத்தில் அழுத்தினால் வளைந்து உடையும். செய்பவருக்கும் இது தெரியும். ஒவ்வொரு வெட்டுக்கும் டிஸ்க் மாற்றிக்கொண்டிருந்தால் மாலைக்குள் வேலை முடியாது என்பதும் தெரியும். ஒருவருக்கு இரண்டு மெஷின் கொடுங்கள்: ஒன்றில் கட்டிங் டிஸ்க்கும் இருபக்கமும் மூடும் கார்டும், மற்றொன்றில் கிரைண்டிங் டிஸ்க்கும் அதற்கான கார்டும். இதற்கு ஆகும் செலவைக் கணக்குப் பார்க்கும் முதலாளியோடு நான் வாதாடத் தயார்.

மரம் அறுக்கும் பல் பிளேடை கிரைண்டரில் மாட்டச் சொல்லாதீர்கள். அது சிக்கினால் மெஷின் கையைவிட்டுத் துள்ளும். இதில் பேச்சுக்கே இடமில்லை.

கட்டிங் டிஸ்க்கும் சிக்கும். நீளமான குழாயை இரு முனையில் மட்டும் தாங்கி நடுவில் வெட்டினால், குழாய் தொய்ந்து வெட்டு வாய் மூடி டிஸ்க்கைக் கவ்விக்கொள்ளும். வெட்டும் இடத்துக்கு அருகில் முட்டுக் கொடுத்து, அறுந்த துண்டு தனியாக விழும்படி வைக்க வேண்டும். அதற்கு ஸ்டாண்டு வேண்டும், இரும்புக் குப்பையின் மேல் வைத்து வெட்டச் சொன்னால் நடக்காது. டிஸ்க் சுழலும் கோட்டுக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நிற்கவும் இடம் வேண்டும். சைடு ஹேண்டில் இல்லாத மெஷின் வெளியே போகக்கூடாது. முகக் கவசத்துக்கு உள்ளே கண்ணாடியும் போட வேண்டும், காதுக்கு அடைப்பான் வேண்டும். தொங்கும் துணி எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது.

அடுத்த முறை மெஷின் வாங்கும்போது சுவிட்சைப் பாருங்கள். அழுத்திப் பிடித்தால் மட்டும் ஓடி, விட்டால் நின்றுவிடும் துடுப்பு சுவிட்ச் வைத்தவை கிடைக்கின்றன. ஓடும்போது மின்சாரம் போய்த் திரும்பி வந்தால், பூட்டு சுவிட்ச் போட்ட சாதாரண மெஷின் மேசை மேல் தானாகவே ஓடத் தொடங்கும். அப்படித் தானாக ஓடாதபடி தடுக்கும் வசதியுள்ள மாடல்களும் உண்டு. விலைப்பட்டியலில் அந்த வரியைத் தேடிப் பார்த்துவிட்டு ஆர்டரில் கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஃபிட்டர்