கஞ்சி போட்ட தாள்

மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து நாற்பது நாளாகிறது. பதில் எழுதாததற்குச் சோம்பல் காரணமில்லை, தாள்தான் காரணம். சிரிக்காதே. வீட்டில் எல்லோரும் நலம். தமிழய்யாவை உக்கடத்தில் பார்த்தேன். உன் 'ழ' இப்போதாவது நிமிர்ந்ததா என்று கேட்டார்.

நீ கொடுத்த மைப்பேனாவை எடுத்து அன்றைக்கே உட்கார்ந்தேன். 'நலம்' என்று எழுதினால் 'ல'வின் சுழி அடைத்துக்கொண்டது. எழுத்தின் ஓரமெல்லாம் சல்லிவேர். பின்பக்கம் நீலப் புள்ளிகள், அம்மை போட்டதுபோல.

மூன்று சனிக்கிழமை ராஜ வீதி, ரங்கே கவுடர் வீதி என்று அலைந்தேன். பையில் பேனா; மாதிரித் தாளின் மூலையில் ஒரு கோடு, திருப்பிப் பார்ப்பது, அடுத்த கடை. ஒரு கடைக்காரர் 100 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு நூறு கிராம் எடை) ஜெராக்ஸ் தாளைப் போட்டு, "இதைவிடக் கனமாக என்ன வேண்டும்?" என்றார். கனத்திலா இருக்கிறது? ஜப்பான்காரரின் டோமோயே ரிவர் என்கிற தாள் 52 ஜி.எஸ்.எம். தான். வெங்காயச் சருகுபோல இருக்கும், மை மறுபக்கம் போகாது. நார் ஈரத்தை உறிஞ்சும் சாதி. உறிஞ்சாதபடி ஸ்டார்ச்சும் மற்றதும் ஏற்றுவதில்தான் சூட்சுமம். உங்கள் தறிக்குப் பாவு நூலைக் கஞ்சி போட்டு வாங்குவீர்களே, சைசிங்! காகித ஆலையிலும் அதே பெயர்தான். ஜெராக்ஸ் மிஷின் தூளை மேலே உருக்கி ஒட்டுகிறது. அதற்கு மை ஊறினால் என்ன, ஊறாவிட்டால் என்ன?

எனக்கு வயிற்றெரிச்சல் வேறு. பள்ளிபாளையத்தில் ஒரு ஆலை, கரூர் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையில் தாள் செய்கிற ஆலை. இரண்டுக்கும் நடுவே பிறந்துவிட்டு பிரெஞ்சுக்காரன் நோட்டுக்கு ஆன்லைனில் ஆர்டர் போடுவதா? கடைசியில் வக்கீல்கள் வாங்குகிற 85 ஜி.எஸ்.எம். எக்ஸிகியூட்டிவ் பாண்ட் தாள் காப்பாற்றியது. நூறு தாள் கட்டு. உன் பங்கு ஐம்பது, பணத்தை மறக்காதே.

வாங்கிவந்த அன்று அப்பா தடவிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் மண்டிக் காலத்துப் பேரேட்டைத் தூக்கிவந்தார். மஞ்சள் மூட்டைக் கணக்கு, பக்கம் பக்கமாக. ஒரு எண்கூட ஊறவில்லை. இப்போது அவருக்குக் கை நடுக்கம். போன மாதம் வங்கியில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று மூன்று முறை போடச் சொல்லிவிட்டார்கள். வீடு வந்து சேரும்வரை பேசவில்லை. பேனாவை அவர் கையில் கொடுத்தேன். பேரேட்டின் கடைசி வெற்றுப் பக்கத்தில் தன் பெயரை எழுதினார். கோணலாகத்தான் வந்தது. அவரே அந்தத் தாளைக் கிழித்து, "மாப்பிள்ளைக்கு அனுப்பு" என்றார்.

மூன்றாவது தாள் அதுதான். வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கமும் பார்.

உன்,
மாமன்