நிறம் நிறைந்த தேநீர்

தெஹ்ரான்,
மெஹர் மாதம் 12

அன்பு நண்பனுக்கு,

ஐந்து மாதங்களாக உனக்கு ஒரு வரிகூட எழுதாமல் இருந்துவிட்டேன், மன்னித்துக்கொள். வீட்டில் அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி சற்றுக் குறைந்திருக்கிறது. மஷ்ஹதிலிருந்து உன் அண்ணன் கொடுத்தனுப்பிய குங்குமப்பூ பத்திரமாக வந்து சேர்ந்தது.

பாடத்துக்கு 12 சொல் வீதம் 42 பாடங்களில் 504 ஆங்கிலச் சொற்களைக் கற்றுத்தரும் அந்தப் புத்தகத்தில் 17ஆம் பாடத்தை முடித்துவிட்டதாக எழுதியிருந்தாய். பள்ளியில் ஒரு கவிதையை மனப்பாடம் செய்ய ஒரு வாரம் எடுத்துக்கொண்ட நீயா இது என்று முதலில் மகிழ்ந்தேன். ஆனால், ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் ஒற்றைச் சொல்லில் பாரசீகப் பொருள் என்று அட்டைகள் எழுதி அடுக்குவதாக நீ சொன்ன இடத்தில் என் மகிழ்ச்சி நின்றுவிட்டது. அதே வழியில் இரண்டு ஆண்டுகள் நடந்த எனக்கு நேர்ந்ததை நீ அறிய வேண்டும்.

மேற்படிப்புக்கான விண்ணப்பக் கடிதத்தில் நம் வேதியியல் ஆசிரியரைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். எழுபது வயதிலும் சோதனைக் குழாயில் நிறம் மாறும்போதெல்லாம் முதன்முறை காண்பவரைப் போல மூச்சடக்கி நிற்பாரே, அந்த வியப்பைச் சொல்வதற்காக அவரை 'சைல்டிஷ்' என்று குறிப்பிட்டேன். என் அட்டையில் 'சைல்டிஷ்' என்பதற்கும் 'கூதகானே' என்றுதான் இருந்தது. 'சைல்ட்லைக்' என்பதற்கும் அதுவேதான் இருந்தது. நம் பாரசீகத்தில் அந்த ஒரு சொல் குழந்தையின் கள்ளமின்மையையும் குறிக்கும், வளர்ந்தவரின் சிறுபிள்ளைத்தனத்தையும் குறிக்கும். ஆங்கிலமோ அதை இரண்டாகப் பிரித்து, 'சைல்ட்லைக்' என்பதைப் புகழாகவும் 'சைல்டிஷ்' என்பதைப் பழிப்பாகவும் வைத்திருக்கிறது. கடிதத்தைப் படித்த பேராசிரியர், நீங்கள் மதிக்காத ஓர் ஆசிரியரைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் என்ன என்று பண்போடு கேட்டிருந்தார். நம் இருவரையும் ஆளாக்கிவிட்டு மறைந்துபோன அந்த மனிதரை, அறியாத ஒருவர் முன்னிலையில் நானே இழிவுபடுத்திவிட்டேன் என்ற எண்ணத்தில் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

குறை, அட்டைகளை அறை அறையாக அடுக்கி நாம் மனப்பாடம் செய்யும் லைட்னர் பெட்டியில் இல்லை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்கு நகர்வதும், தவறிய அட்டை முதல் அறைக்குத் திரும்புவதும் நல்ல ஏற்பாடுதான். செபாஸ்டியன் லைட்னர் 1972ஆம் ஆண்டு தம் நூலில் அதை விளக்கியபோது, அட்டையில் என்ன எழுதுவது என்பதை நம் பொறுப்பில்தான் விட்டிருந்தார். நாம் எழுதியது தவறு. நம் மொழியையே எண்ணிப்பார்: கீழே விழுவதற்கு நாம் 'ஸமீன் ஹோர்தன்' என்கிறோம், அதாவது நிலத்தைத் தின்கிறோம்; சளி பிடித்தால் குளிரைத் தின்கிறோம்; துயரம் வந்தால் துயரத்தைத் தின்கிறோம். 'தின்னுதல்' என்று மட்டும் அட்டையில் எழுதிப் படிக்கும் வெளிநாட்டவர் நம்மோடு எப்படிப் பேசுவார்? அதே நிலையில்தான் நாம் ஆங்கிலத்தின் வாசலில் நிற்கிறோம். நாம் தேர்வைக் கொடுக்கிறோம். ஆங்கிலத்தில் மாணவர் தேர்வை எடுக்கிறார், கொடுப்பவர் ஆசிரியர். நாம் முடிவைப் பிடிக்கிறோம், அவர்கள் முடிவைச் செய்கிறார்கள். உன் பாட்டி கொதிக்கக் கொதிக்க ஊற்றித் தரும் 'போர்ரங்' தேநீர் நமக்கு நிறம் நிறைந்தது, அவர்களுக்கு வலிமையானது. ஆகவே இப்போது என் அட்டைகளில் தனிச்சொல்லே கிடையாது. நான் படித்த பக்கத்திலிருந்து எடுத்த முழு வாக்கியம் இருக்கிறது, அதில் அந்தச் சொல்லின் இடம் மட்டும் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேல் எழுத முடியவில்லை, அதுவே போதும்.

இதைவிட என்னை ஆட்கொண்டிருப்பது வேறொன்று. ஆங்கிலத்தின் கடினச் சொற்களில் பெரும்பகுதி லத்தீன், கிரேக்க வேர்களிலிருந்து வந்தவை என்பதால் அவை நமக்கு முற்றிலும் அந்நியம் என்று அஞ்சியிருந்தேன். ஆனால் 'டென்டல்' என்பதன் லத்தீன் வேரும் நம் 'தந்தான்' என்ற பல்லும் ஒரே மூதாதையின் பிள்ளைகள். மீண்டும் இளமையாக்குதல் என்ற பொருள்தரும் 'ரிஜுவனேட்' என்ற சொல்லின் நடுவே, இளைஞனைக் குறிக்கும் நம் 'ஜவான்' என்பதன் உறவினன் அமர்ந்திருக்கிறான். பெயரளவிலான என்னும் 'நாமினல்' என்பதில் பெயரைக் குறிக்கும் நம் 'நாம்' இருக்கிறது, விண்மீன் சார்ந்த என்னும் 'ஸ்டெல்லார்' என்பதில் நம் விண்மீனான 'செதாரே' மின்னுகிறது. (ஒலி ஒத்தவை எல்லாம் உறவு ஆகிவிடா, நம் 'பத்' என்பதும் ஆங்கிலத்தின் 'பேட்' என்பதும் கெட்டது என்ற ஒரே பொருள் தந்தாலும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை.) வேர் பிடித்துச் சொல் அறிவதும் நமக்குப் புதிதன்று. அரபியிலிருந்து வந்த கெதாப் (புத்தகம்), காதெப் (எழுதுபவர்), மக்தூப் (எழுதப்பட்டது), மக்தப் (பள்ளி) ஆகியவற்றை ஒரே குடும்பமாகச் சிறுவயதிலேயே உணர்ந்தவர்கள் நாம். அங்கே மூன்று மெய்கள் நிலைத்து நிற்க உயிர்கள் மாறுகின்றன. ஆங்கிலத்தில் எழுதுதலைக் குறிக்கும் 'ஸ்கிரிப்ட்' என்ற வேர் அப்படியே நிற்க முன்னும் பின்னும் ஒட்டுகள் சேர்ந்து மேனுஸ்கிரிப்ட், பிரிஸ்கிரிப்ஷன், இன்ஸ்கிரிப்ஷன் என்று விரிகின்றன. இதைக் கண்ட வாரம், எங்கள் வீட்டில் உணவு மேசையில்கூட நான் வேறு எதையும் பேசவில்லை.

அந்தப் பேராசிரியருக்கு விளக்கம் எழுதி, பத்தியைத் திருத்தி அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. திருத்திய பத்தியை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆசிரியரை என்னைவிட நன்கு அறிந்தவன் நீ. அதில் அவர் தெரிகிறாரா என்று மட்டும் படித்துச் சொல். 18ஆம் பாடத்தைத் தொடங்குமுன் உன் 17 பாடங்களின் அட்டைகளையும் எடுத்துக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை இங்கே வந்துவிடு. இருவருமாக உட்கார்ந்து அவற்றை மாற்றி எழுதலாம். மறுநாள் எங்கெலாப் தெருப் புத்தகக் கடைகளுக்கும் போய்வரலாம்.

உன் நண்பன்