குழாயடி டம்ளர்

ஷெஃபீல்டு, இங்கிலாந்து,
ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? தைலம் தடவினால் மட்டும் போதாது, டாக்டர் சொன்ன பயிற்சியைத் தினமும் செய்யச் சொல்.

தினமும்தான் போனில் பேசுகிறோமே, அப்புறம் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ பாதியிலேயே "சரி சரி, விடு" என்பாய். நானும் ஏதாவது வெடுக்கென்று சொல்லிவிடுவேன். மத்தியானம் வேலையெல்லாம் முடிந்த பிறகு, கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படி.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. ஊர் முழுக்க மேடும் பள்ளமும்தான். பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்து மேட்டில் ஏற்றுவதற்குள் மூச்சு வாங்குகிறது. இது இரும்பாலை ஊர் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். நம் வீட்டு அலமாரியில் இருக்கிற எவர்சில்வர் பாத்திரமெல்லாம் எந்த உலோகமோ, அதை 1913இல் ஹாரி பிரியர்லி என்பவர் இந்த ஊரில்தான் கண்டுபிடித்தார். அந்த ஆலைகளில் வேலை செய்ய ஏமனிலிருந்தும் சோமாலியாவிலிருந்தும் வந்தவர்களின் குடும்பங்கள் இன்னும் இங்கேதான் இருக்கின்றன. பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற அக்காவும் சோமாலியாக்காரர்தான். "அக்கா" என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். இப்போது பிள்ளையிடம் தன்னையே "அக்கா" என்று சொல்லிக்கொள்கிறார்.

அவரைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன புதன்கிழமை டியூட்டி முடிந்து பிள்ளையைக் கூட்டி வர அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது நீ வீடியோவில் கூப்பிட்டாய். பேரனைக் காட்டு என்றாய். நான் போனைத் திருப்பினேன். அக்கா மடியில் உட்கார்ந்து அவர் முக்காட்டு நுனியைச் சப்பிக்கொண்டிருந்தான். உடனே நீ, "யாருடி அது, இவ்ளோ கருப்பா? குழந்தை பயந்துக்கப் போறான்" என்றாய்.

அந்த நேரத்தில் நீ கவனிக்காத ஒன்றை நான் பார்த்தேன். உன் குரல் கேட்டதும் போன் பக்கம் திரும்பினான். உன் புருவம் சுருங்கியிருந்தது, தலையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தாய். உன்னைப் பார்த்தான். நிமிர்ந்து அக்கா முகத்தைப் பார்த்தான். மறுபடி உன்னைப் பார்த்தான். அழவில்லை. வாயிலிருந்த துணியை மட்டும் விட்டுவிட்டான்.

அம்மா என்ன சொன்னார்கள் என்று அக்கா கேட்டார். பல் முளைத்துவிட்டதா என்று கேட்கிறார்கள் என்று பொய் சொன்னேன். அவர் சந்தோஷமாக அவன் கீழுதட்டை விரலால் விலக்கி, அந்த இரண்டு பற்களையும் உனக்குக் காட்டினார். ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவன் அவரைப் பார்த்துப் பயப்படவில்லை அம்மா. பிறந்த குழந்தைக்கு நிறமும் தெரியாது, இனமும் தெரியாது. எங்கள் பிரசவ வார்டில் ஒரு சிஸ்டர் சொல்லித்தான் இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இந்த ஊர் பல்கலைக்கழகத்திலேயே டேவிட் கெல்லி, ஒலிவியே பாஸ்காலி என்பவர்கள் சேர்ந்து ஒரு ஆய்வு செய்து 2005இல் வெளியிட்டிருக்கிறார்கள். வெள்ளைக்காரக் குழந்தைகளுக்கு இரண்டு முகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, எதை எவ்வளவு நேரம் பார்க்கிறது என்று அளந்திருக்கிறார்கள். பேசத் தெரியாத பிள்ளையிடம் வேறு எப்படிக் கேட்பது? பிறந்து சில நாளே ஆன குழந்தைகளுக்கு எல்லா முகமும் ஒன்றுதான். மூன்று மாதத்துப் பிள்ளைகளோ தங்கள் இனத்து முகத்தைத்தான் கூடுதல் நேரம் பார்த்தார்கள்.

மூன்று மாதத்திலேயேவா என்று படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதற்கு அடுத்த வருஷம் இஸ்ரேல் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வைப் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. எத்தியோப்பியாவில் கறுப்பு முகங்களுக்கு நடுவில் வளர்ந்த பிள்ளைகள் கறுப்பு முகத்தை அதிகம் பார்த்தார்கள். இஸ்ரேலில் வெள்ளை முகங்களுக்கு நடுவில் வளர்ந்தவர்கள் வெள்ளை முகத்தை. ஆனால் எத்தியோப்பியாவிலிருந்து இஸ்ரேலுக்குக் குடிவந்த குடும்பங்களில், இரண்டு வகை முகங்களையும் பார்த்து வளர்ந்த குழந்தைகள் இரண்டையும் சமமாகவே பார்த்தார்கள். ஆக, ரத்தத்தில் வந்தது ஒன்றுமில்லை. தொட்டிலுக்கு மேலே யார் யார் குனிந்து பார்த்தார்களோ, அதுதான்.

கெல்லியின் குழு 2007இல் இன்னொன்றும் சொன்னது. மூன்று மாதத்தில் எந்த இனத்து முகத்தையும் ஆளுக்கு ஆள் பிரித்து அடையாளம் காண்கிற பிள்ளைக்கு, ஒன்பது மாதம் ஆவதற்குள் தன் இனத்து முகங்களை மட்டும்தான் அப்படிப் பிரிக்கத் தெரிகிறது. மற்றவர்கள் "எல்லாரும் ஒரே மாதிரி" ஆகிவிடுகிறார்கள். நம் தெருமுனை பரோட்டா கடைக்கு வந்திருக்கிற வடகிழக்குப் பையன்களை நாமும் அப்படித்தானே சொல்கிறோம்? மூன்று பையன்கள் மாறிவிட்டார்கள், உனக்கு ஒருத்தனாகவே தெரிந்தான். இதையும் தடுக்கலாம் என்கிறார்கள். ஆறு மாதத்திலிருந்து மூன்று மாதம், சீன முகங்கள் இருக்கிற படப்புத்தகத்தை வீட்டில் காட்டி வந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள், ஒன்பது மாதத்திலும் அந்த முகங்களைப் பிரித்து அடையாளம் கண்டார்களாம். படப்புத்தகத்துக்கே இப்படி என்றால், மடியில் வைத்துச் சோறு ஊட்டுகிற அக்காவின் முகம் அவனுக்கு எவ்வளவு பெரிய சொத்து என்று யோசித்துப் பார்.

இன்னொன்று. அதிக நேரம் பார்ப்பது வேறு, வெறுப்பது வேறு. அமெரிக்காவில் கேத்தரின் கின்ஸ்லர், எலிசபெத் ஸ்பெல்கி என்ற இரண்டு பேர் பத்து மாத வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரரும் ஒரு கறுப்பினத்தவரும் பொம்மை நீட்டுவது போல வைத்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் இரண்டு பேரிடமும் சமமாகவே வாங்கிக்கொண்டார்கள். மொழி விஷயத்தில் மட்டும் அப்படி இல்லை. தங்கள் வீட்டு மொழி பேசியவரிடமிருந்துதான் அதிகம் வாங்கினார்கள். (அதனால்தான் அக்காவுக்கு "வா கண்ணு", "பாப்பா மம்மம்" எல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அழகாகச் சொல்கிறார்.) ஆனால் ஐந்து வயதில் இதே மாதிரி கேட்டபோது, பிள்ளைகள் இனம் பார்த்தார்கள்.

பத்து மாதத்தில் இல்லாதது ஐந்து வயதில் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விதான் என்னை விடவில்லை.

குழந்தைகள் பெரியவர்கள் முகத்தைப் படித்துத்தான் உலகத்தைத் தெரிந்துகொள்கிறார்கள். 1985இல் வந்த ஒரு ஆய்வு. ஒரு வயதுப் பிள்ளையைக் கண்ணாடி மேஜை மேல் விடுகிறார்கள். பாதிக்கு மேல் கண்ணாடிக்குக் கீழே பள்ளம் மாதிரித் தெரியும். எதிர்ப்பக்கத்தில் அம்மா. அம்மா சிரித்த முகமாக இருந்தபோது 19 பிள்ளைகளில் 14 பேர் தவழ்ந்து தாண்டிவிட்டார்கள். அம்மா பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருத்தர்கூடத் தாண்டவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை, முகம் மட்டும்தான்.

மனுஷர்கள் விஷயத்திலும் அதேதான். சியாட்டிலில் 2017இல் நாலைந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு வீடியோ காட்டினார்கள். ஒருத்தர் இரண்டு பெண்களிடமும் ஒரே வார்த்தைகளைத்தான் பேசுகிறார். ஒருத்தியிடம் சிரித்து, பக்கத்தில் சாய்ந்து, கனிவான குரலில். இன்னொருத்தியிடம் முகத்தைச் சுளித்து, பின்னால் தள்ளி நின்று. அப்புறம் உனக்கு யாரைப் பிடித்திருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலான பிள்ளைகள் முதல் பெண்ணைக் காட்டினார்கள். அவளுடைய சிநேகிதி என்று இன்னொருத்தியைக் காட்டினாலும் அவளையும் சேர்த்துப் பிடித்துவிட்டது. அந்த இரண்டாவது பெண் செய்த தப்பு என்ன? ஒன்றுமில்லை.

இங்கே ஒரு கடையில் எனக்கு நடந்ததை உன்னிடம் சொல்லவில்லை, வருத்தப்படுவாய் என்று. எனக்கு முன்னால் நின்ற வெள்ளைக்கார அம்மாவிடம் கல்லாவில் இருந்த பெண் சிரித்துப் பேசி, மீதிச் சில்லறையைக் கையில் வைத்து மூடினாள். என் முறை வந்தது. நான் கையை நீட்டிக்கொண்டுதான் நின்றேன். அவள் காசை மேஜைமேல் வைத்துத் தள்ளினாள். ஒரு காசு உருண்டு விளிம்பு வரை போய் நின்றது. பிள்ளை என் மார்போடு பையில் கட்டி, வெளிப்பக்கம் பார்த்தபடி இருந்தான். காசு சத்தத்துக்குத் திரும்பியவன், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். என் முகம் அவனுக்குத் தெரியாத மாதிரி இருந்தது நல்லதாகப் போயிற்று.

வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு அந்தக் கடைக்காரி ஞாபகமே இல்லை. அயனாவரம் வீட்டுக் குழாயடிதான் ஞாபகம் வந்தது.

பாத்திரம் தேய்க்க ஒரு அம்மா வருவார்களே, பாட்டி இருந்த காலத்தில். குழாயடிக் கட்டைமேல் அவர்களுக்கென்று ஒரு டம்ளர் கவிழ்த்து வைத்திருக்கும். விளிம்பில் ஒரு நசுங்கல். பாட்டி காபியைக் கொண்டு வந்து, மேலேயிருந்து, பாத்திரம் படாமல் அதில் ஊற்றுவாள். அந்த அம்மா குத்துக்காலிட்டுக் குடித்துவிட்டு, தானே கழுவி, தானே கவிழ்த்து வைப்பார்கள். எதிர் வீட்டு மாமி வந்தால் பாட்டி பாயில் நகர்ந்து இடம் விட்டு "வா, உக்காரு" என்பாள். இந்த அம்மாவிடம் பேசும்போது நின்றுகொண்டே பேசுவாள், மூக்கு கொஞ்சம் சுருங்கியிருக்கும். "அந்த டம்ளரைத் தொடாதே" என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. பாட்டியும் சொல்லவில்லை, நீயும் சொல்லவில்லை.

ஒன்றாம் வகுப்பில், ஹவுசிங் போர்டு குடியிருப்பிலிருந்து என்னோடு படித்த பெண் நோட்டு வாங்க வந்தாள். நல்ல வெயில். தண்ணி கேட்டாள். சமையலறை அலமாரியில் இருபது டம்ளர் பளபளவென்று அடுக்கியிருந்தது. நான் அதைத் தாண்டிப் போய், குழாயடியில் கவிழ்ந்திருந்த அந்த டம்ளரை எடுத்து, தண்ணி பிடித்துக் கொடுத்தேன். அவள் குடித்தாள். குழாயைத் திறந்து கழுவினாள். கட்டைமேல் கவிழ்த்து வைத்தாள். எனக்கு எப்படி யாரும் சொல்லாமல் தெரிந்ததோ, அப்படியே அவளுக்கும் தெரிந்திருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் ஆறு வயது.

நீ சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய் அம்மா. ஒன்றும் சொல்லவில்லை.

உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நீயும் உன் அம்மா முகத்தைப் பார்த்து வளர்ந்தவள்தானே. எனக்கு ஐந்தாம் மாதம் குங்குமப்பூ அனுப்பியதும் பாசத்தில்தான், தெரியும். நீ அனுப்பினாய் என்பதற்காகவே பாலில் போட்டுக் குடித்தேன். அவன் நிறம் அவன் அப்பாவும் நானும் கொடுத்தது, எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது. இங்கே இனம் என்கிறார்கள், அங்கே ஜாதி. இரண்டும் ஒன்றல்ல, எனக்குத் தெரியும். ஆனால் என் மார்பில் கட்டியிருக்கிற பிள்ளை அந்தப் பெயரையெல்லாம் பார்ப்பதில்லை. கையில் வைத்தாளா, மேஜையில் தள்ளினாளா என்றுதான் பார்க்கிறான்.

பொங்கலுக்கு வருகிறோம். அதற்குள் அவனுக்கு ஒரு வயது முடிந்திருக்கும். தண்ணீர் கேன் போடுகிற பையன் வரும்போது, குப்பை வாங்குகிற அம்மா வரும்போது, ஒவ்வொரு தடவையும் அவன் முதலில் உன் முகத்தைத்தான் பார்ப்பான். அந்தப் பையனை "வா தம்பி, வெயில்ல வந்திருக்கே, தண்ணி குடி" என்று சொல்லி அலமாரி டம்ளரில் கொடு. கையில் கொடு. அப்பாவிடமும் சொல். அவர் "ஏய் ஹிந்திக்காரா" என்று கூப்பிடுவதை நிறுத்தச் சொல்.

அப்புறம், வருகிற புதன்கிழமை அதே நேரத்துக்குக் கூப்பிடு. நான் போனை அக்காவிடமே கொடுக்கிறேன். அவருடைய அம்மாவும் அங்கே அவர் ஊரான ஹர்கெய்சாவில் இருக்கிறார், அவரும் போனில்தான் பார்க்கிறார். நீ தமிழிலேயே பேசு. ரசம் எப்படி வைப்பது என்று அவர் ரொம்ப நாளாகக் கேட்கிறார், என்னைவிட நீ நன்றாகச் சொல்வாய். பிள்ளை அவர் மடியில்தான் இருப்பான்.

இன்னொரு விஷயம். நேற்றிலிருந்து எவ்வளவு யோசித்தும், குழாயடியில் காபி குடித்த அந்த அம்மாவின் பெயர் எனக்கு ஞாபகம் வரவில்லை. பத்து வருஷம் நம் வீட்டுக்கு வந்தார்கள், எங்கள் வாயில் அவர்கள் பெயர் வந்ததே இல்லை போல. உனக்காவது தெரியுமா? தெரியாவிட்டால் எதிர் வீட்டில் கேட்டுப் பார். அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றும் விசாரித்து எழுது.

அன்புடன்,
உன் மகள்