நாலு நாள் கணக்கு

மாப்ளே,

மூன்று மாதமாகப் பதில் இல்லை என்று திட்டியிருப்பாய். திட்டியதை வாபஸ் வாங்காதே, கடிதம் முடிவதற்குள் நானும் உன்னைத் திட்டப்போகிறேன், சரியாகிவிடும். எல்லோரும் சௌக்கியம். முழங்கால் மட்டும் பழையபடி. நீ கேட்ட போட்டோ, நம்ம மீசை இருக்கிறானே, அவன் வீட்டில்தான் இருக்கும். இல்லவே இல்லையென்று சாதிப்பான், நம்பாதே.

மூன்று மாதமும் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஜோசியம் இல்லை, வருமான வரி.

உன் நாட்டில் வந்து தங்கி வேலை பார்த்தேனே, அப்போது என்ன நினைத்தேன்? கம்பெனி இங்கே. சம்பளம் இங்கத்து பேங்கில் விழுகிறது. வரியையும் மாதாமாதம் இங்கேயே பிடித்துவிடுகிறார்கள். அங்கே நான் லேப்டாப்போடு மூலையில் உட்கார்ந்த விருந்தாளி, அவ்வளவுதான். ஆடிட்டர் ஒரே கேள்வி கேட்டார்: "சம்பளம் எங்க வருதுன்னு கேக்கல சார். வேலை செய்யறப்ப நீங்க எங்க உக்காந்திருந்தீங்க?"

வேலை நடக்கிற நாட்டுக்கு அந்தச் சம்பளத்தில் உரிமை உண்டாம். ஒரே வருமானத்துக்கு இரண்டு நாடும் வரி போடாமலிருக்கச் செய்துகொள்ளும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருந்தால் ஒரு விலக்கு கிடைக்கும். ஓஇசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு வகுத்த முன்மாதிரி ஒப்பந்தத்தின் 15ஆம் பிரிவு. 183 நாளைத் தாண்டக் கூடாது. சம்பளம் தருவது அந்நாட்டுக் கம்பெனியாக இருக்கக் கூடாது. அங்குள்ள கிளையின் செலவுக் கணக்கிலும் அது ஏறக் கூடாது. மூன்றும் சேர்ந்து பொருந்தினால்தான் விலக்கு. பின்னிரண்டும் எனக்குப் பொருந்தின. நாளில்தான் மாட்டினேன்.

அந்த எண்ணிக்கை தனிக் கூத்து. நான் வந்த விமானம் இரவு 11.40க்கு இறங்கியதா, மிச்சமிருந்த இருபது நிமிடமும் ஒரு முழு நாள். கிளம்பிய அன்று விடியற்காலை நாலு மணிக்கே பறந்தேன், அதுவும் ஒரு நாள். ஞாயிறு, விடுமுறை, நான் காய்ச்சலில் உன் வீட்டு சோபாவில் சுருண்டு கிடந்தது, எல்லாம் கணக்கில் உண்டு. ஒரு முத்திரை மங்கிப்போய் 3ஆ 8ஆ என்று தெரியவில்லை. பூதக்கண்ணாடி வைத்து, விளக்கில் சாய்த்துப் பார்த்து, கடைசியில் பழைய டிக்கெட்டைத் தேடி எடுத்தேன். ஜனவரி பிறந்ததும் புதிதாக எண்ணலாமே என்றேன். பழைய ஒப்பந்தங்கள் சிலவற்றில்தான் அப்படி. நம்முடையதில் எந்தப் பன்னிரண்டு மாதத்தை எடுத்தாலும் தாண்டக் கூடாது.

மொத்தம் 187.

சரி, அந்த நாலு நாளுக்குத்தானே வரி என்று கேட்டேன். மனுஷன் சிரித்தேவிட்டார். தாண்டிவிட்டால் அங்கே பார்த்த வேலைக்கான சம்பளம் முழுவதும் முதல் நாளிலிருந்தே கணக்கில் வருமாம்! அங்கே கட்டிய வரியை இங்கே கழித்துக்கொள்ளலாம், உண்மைதான். ஆனால் அதே வருமானத்துக்கு இங்கே எவ்வளவு வரியோ அதுவரைக்கும்தான். அங்கே விகிதம் அதிகம். மிச்சம் என் கைக்காசு. போதாததற்கு வரி ஆண்டும் நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் ஏப்ரல் 6 அன்று தொடங்குகிறது, 1752இல் காலண்டரிலிருந்து 11 நாளை வெட்டியதன் வால் அது. அவர்கள் 11 நாளை ஒரே வீச்சில் வெட்டினார்கள், எனக்கு நாலு நாளை வெட்ட வழியில்லை.

அந்த நாலு நாள் எது, ஞாபகம் வருகிறதா? "டிக்கெட்டை மாத்துடா, நாலு நாள் இருந்துட்டுப் போ" என்று பெட்டியைப் பிடுங்கி வைத்தது யார்? பில் அனுப்பட்டுமா?

விளையாட்டு போதும். அடுத்த வருஷம் இங்கே வந்து எட்டு மாதம் தங்கி, அங்கத்து வேலையையே பார்க்கப்போவதாக எழுதியிருந்தாய். முதலில் உன் கம்பெனியில் எழுத்தில் கேள். நீ இங்கே நிலையாக உட்கார்ந்து வேலை பார்ப்பதால், கம்பெனிக்கே இங்கே ஒரு கிளை போல, வரி கட்ட வேண்டிய அமைவிடம் இருப்பதாக வரித் துறை கேள்வி எழுப்பக்கூடும். அந்தத் தலைவலியை எந்த முதலாளியும் விரும்பமாட்டான். என் கம்பெனி என்னைப் பார்த்த பார்வையை வைத்துச் சொல்கிறேன். பென்ஷன் மாதிரியானவற்றுக்குச் சம்பளத்தில் பிடிக்கும் சமூகப் பாதுகாப்புப் பிடித்தம் வேறு கதை, அதையும் தனியாக விசாரி. மீசையின் பையன் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டான் இல்லையா, அவன் உலகத்தின் எந்தக் கோடியில் இருந்தாலும் அமெரிக்காவுக்குக் கணக்குக் காட்டியாக வேண்டும். அவனிடமும் சொல்.

போர்டிங் பாஸ் எதையும் கிழித்துப் போடாதே. வரும் தேதி, போகும் தேதி இரண்டையும் எழுது. நான் உன் பெட்டியைப் பிடுங்கமாட்டேன்.

உன்
குண்டன்